ஐப்பசி மழையும் முற்றத்து விருந்தாளிகளும்

ஐப்பசி பிறந்தால் ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரரிடமிருந்து சிவந்த மேப்பிள் இலைகளின் படங்கள் வரத் தொடங்கும். "இங்கை எல்லாம் கொட்டத் தொடங்கிட்டுது, உங்கை என்ன மாதிரி?" என்று கேட்பார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில், உரும்பிராயிலோ கோப்பாயிலோ எந்த வளவை எட்டிப் பார்த்தாலும் மாவும் பலாவும் பச்சையாகவே நிற்கும். வேம்பு இலை கொட்டுவதற்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. ஆனாலும் அதே கிழமைகளில் நம் வீடுகளிலும் பெரிய மாற்றம் ஒன்று நடக்கிறது. விறாந்தை லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும். கிணற்றடியில் தவளை கத்தும். வேலியில் கார்த்திகைக் கொடி ஏறும். நாய் முற்றத்தின் மூலையைப் பார்த்து விடாமல் குரைக்கும். மேப்பிள் சிவப்பதற்குக் காரணம் வேறு, நம் முற்றம் விழிப்பதற்குக் காரணம் வேறு. அந்த வித்தியாசம் பிடிபட்டால் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைச் சுற்றி நடக்கும் பலவற்றின் ஒழுங்கும் பிடிபடும்.

ரொறன்ரோ ஏறத்தாழ வட அகலாங்கு 44 பாகையில் இருக்கிறது. அங்கே கோடையின் மிக நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் ஆறரை மணித்தியால வித்தியாசம் உண்டு. மரம் அந்தக் குறுகலை உணர்கிறது. குளிரும் சேர, இலையில் பச்சையம் ஆக்குவதை நிறுத்துகிறது. பச்சை சிதைந்ததும் அடியில் இருந்த மஞ்சள் நிறமிகள் வெளித் தெரிகின்றன, சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. யாழ்ப்பாணம் 9.7 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும்தான் வித்தியாசம். பகலின் நீளம் நம் மண்ணில் வாழும் உயிர்களுக்குப் பலமாகச் சேதி சொல்வதில்லை. அவற்றுக்கு நாள் குறித்துக் கொடுப்பது தண்ணீர்.

அதுவும் அவசரமான தண்ணீர். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மண் வறண்டு கிடக்கும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. இருக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. வலிகாமத்துச் செம்மண் ஆழமில்லாதது. அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்புகளும் குகைகளும். விழுந்த மழை மளமளவென்று உள்ளே இறங்கிக் கிணறுகளை உயர்த்துகிறது. மேல்மண் ஈரமாக இருக்கும் காலம் சொற்பம். அந்தச் சொற்ப காலத்துக்குள் இணை சேரவும் முட்டை இடவும் விதைக்கவும் வேண்டியிருப்பதால்தான் முதல் மழையோடு எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டது போலத் தெரிகிறது.

முதலில் புறப்படுவது மணம். வறண்ட மண்ணில் மழை விழும்போது எழும் அந்த வாசனையை அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜோய் பேர், ரிச்சர்ட் தொமஸ் ஆகிய இருவரும் 1964இல் ஆராய்ந்து எழுதினார்கள். வறட்சியில் தாவரங்களிலிருந்து கசிந்து கல்லிலும் மண்ணிலும் படியும் எண்ணெய்கள் அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு ஜியோஸ்மின் என்ற சேர்மம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பக்டீரியாக்கள் அதை ஆக்குகின்றன. மனித மூக்கு இதற்கு வியக்கத்தக்க அளவு கூர்மையானது: ஒரு இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். துளி மண்ணில் மோதும்போது அடியில் அகப்படும் காற்று நுண்குமிழிகளாக மேலெழுந்து வெடிக்கிறது. அந்தத் தெறிப்புத்தான் மணத்தைக் காற்றில் ஏற்றிவிடுகிறது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை அதிவேகக் கமராவில் படம்பிடித்து 2015இல் காட்டினார்கள். சாரல் மழைக்கு மணம் தூக்கலாக இருப்பதும், அடை மழைக்கு அவ்வளவு இல்லாததும் இதனால்தான்.

பக்டீரியா எதற்காக வாசனை ஆக்க வேண்டும்? 2020இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு அழகான விடை தந்தது. மண்ணில் வாழும் வால்துள்ளிகள் என்ற பொட்டளவுப் பூச்சிகள் ஜியோஸ்மினைத் தேடி வருகின்றன. வந்து பக்டீரியாவைத் தின்கின்றன. அதன் வித்திகள் அவற்றின் உடலில் ஒட்டியும் எச்சத்தோடு வெளியேறியும் புது இடங்களுக்குப் போய்ச் சேருகின்றன. மழைக்குப் பிறகு நாய் முற்றத்தை அங்குலம் அங்குலமாக முகர்ந்து திரிவதைப் பார்த்திருப்பீர்கள். மண் நனைந்ததும் அதில் அடங்கிக் கிடந்த வாசனைகள் எல்லாம் ஒருமிக்கக் கிளம்புகின்றன. நேற்று நடந்துபோன கீரியும் அதில் அடக்கம்.

அடுத்து ஈசல். மழை விட்ட அந்திப்பொழுதில் புற்றின் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் மண்ணில் மெல்லிய பிளவுகள் திறக்கும். வேலைக்காரக் கறையான்கள் உள்ளிருந்து அதை வெட்டித் திறக்கின்றன. பிளவின் ஓரத்தில் தலை பெருத்த காவல் கறையான்கள் வெளியே பார்த்தபடி வந்து நிற்கும். பிறகுதான் சிறகுள்ளவை வரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தன் உடலை விட நீளமான நான்கு சிறகுகளையும் இழுத்துக்கொண்டு பக்கத்துப் புல்லின் நுனிவரை ஏறி, அங்கிருந்து தடுமாறிக் கிளம்பும். மழைக்காக அவை அன்றைக்குப் பிறந்தவை என்று நினைப்பது தவறு. அவை பல மாதங்களாகப் புற்றுக்குள் வளர்ந்து, சிறகு முற்றி, மழைக்காகக் காத்திருந்தவை. மழை கதவைத் திறக்கும் அடையாளம் மட்டும்தான்.

ஏன் காத்திருக்க வேண்டும்? ஈசலின் தோல் மெல்லியது, வறண்ட காற்றில் உடல் நீர் வற்றிப்போகும். நிலம் இறுகியிருந்தால் புதுக்குழி தோண்ட முடியாது. இவற்றை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஊரிலுள்ள எல்லாப் புற்றுகளும் ஒரே மழையைக் கேட்டு ஒரே அந்தியில் திறந்தால் வேறு வேறு குடும்பத்து ஆணும் பெண்ணும் சந்திக்கலாம். தன் புற்றுக்குள்ளேயே இணை சேரத் தேவையில்லை. காகமும் கோழியும் பல்லியும் தேரையும் வயிறு முட்டத் தின்ற பிறகும் சில மிஞ்சும். ஆயிரக்கணக்கில் பறப்பவற்றில் ஒரு சில சோடிகள் பிழைத்தாலே போதும் என்ற கணக்கு இது.

தரையில் இறங்கியதும் சிறகுகள் கழன்று விழுகின்றன. அடியில் இயற்கையாகவே ஒரு பலவீனமான கோடு இருப்பதால் உடலை ஒரு திருப்பு திருப்பினால் போதும். காலையில் விறாந்தையில் தும்புத்தடி பட்டதும் காற்றில் எழுந்து பறக்கும் அந்தச் சிறகுக் குவியலில் பாதி, செத்த ஈசலுடையது அல்ல, தரையிறங்கி நடந்து போனவை கழற்றிவிட்டுச் சென்றது. பெண் வயிற்றை உயர்த்தி ஒரு வாசனையை விடும். ஆண் வந்து அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே நடக்கும். இரண்டும் சேர்ந்து ஈரமண்ணில் குழி தோண்டி வாயிலை மூடிவிடும். எறும்புகளில் இணை சேர்ந்த ஆண் விரைவில் செத்துப்போகும். கறையான் அரசனோ அரசியோடு கூடவே இருந்து குடும்பம் நடத்துகிறது. எறும்புக்கும் கறையானுக்கும் நெருங்கிய உறவு இல்லை; எறும்பு குளவியின் இனம், கறையான் கரப்பானின் இனம். இனிப் பறக்கத் தேவையில்லாததால் இருவரும் தம் பறக்கும் தசைகளை உடலுக்குள்ளேயே கரைத்து முதல் குஞ்சுகளுக்கு உணவாக்குகிறார்கள்.

நம் பக்கத்தில் பெரிய மண்புற்று எழுப்பும் கறையான்கள் கமக்காரரும் கூட. தின்று கழித்த மரத்தூளைக் கடற்பஞ்சு போல அடுக்கி அதில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்க்கின்றன. மரத்தின் கடினமான நாரைப் பூஞ்சணம் உடைத்துக் கொடுக்கிறது, கறையான் அதை உண்கிறது. இந்த விவசாயம் ஆபிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. மழைக்குப் பிறகு புற்றடியில் நீண்ட தண்டோடு கிளம்பும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சணத்தின் காய்ப்புத்தான். புதுச் சோடி குழிக்குள் போகும்போது பெரும்பாலான இனங்களில் பூஞ்சணத்தைக் கையோடு கொண்டு போவதில்லை. அவற்றின் முதல் வேலைக்காரர்கள் வளர்ந்து வெளியே வரும் காலத்தில்தான் பழைய புற்றுகளில் காளான் விரிந்து வித்திகளைத் தூவுகிறது. அந்த வித்திகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் புதுத்தோட்டம் போடுகிறார்கள். ஈசல் பறப்பதும் காளான் பூப்பதும் ஒரே மழையில் தொடங்கி, சில கிழமை இடைவெளியில் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

பிறகு ஏன் இவை எங்கள் லைட்டில் வந்து விழுகின்றன? புற்றுக்குள் இருக்கும் வேலைக்காரக் கறையானுக்குக் கண் இல்லை. ஈசலுக்கு மட்டும் கூட்டுக்கண்கள் உண்டு, அந்த ஒரே பயணத்துக்காக. பூச்சிகள் வெளிச்சத்தை நாடி வருகின்றன என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சாமுவேல் ஃபேபியனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு வேறு விளக்கம் தந்தது. விட்டில்களையும் தும்பிகளையும் விளக்கடியில் படம்பிடித்துப் பார்த்தபோது, பறக்கும் பூச்சிகள் பல தம் முதுகை எப்போதும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பியே பறப்பது தெரிந்தது. இரவில் வானம் நிலத்தை விட வெளிச்சமானது. முதுகு வெளிச்சத்தைப் பார்த்தால் உடல் நேராக இருக்கிறது என்று பொருள். கோடானுகோடி ஆண்டுகளாகப் பிசகாத அந்த உத்தி, பக்கவாட்டில் ஒரு மின்குமிழ் வந்ததும் பிசகுகிறது. குமிழுக்கு முதுகைக் காட்டக் காட்டப் பூச்சி அதைச் சுற்றியே வளைந்து மாட்டிக்கொள்கிறது. ஈசல் பறக்கும் அந்தியில் விறாந்தை லைட்டை ஒரு மணித்தியாலம் அணைத்து வைத்தால் வீட்டுக்குள் வருவது வெகுவாகக் குறையும். அணைக்க முடியாத இடத்தில் வெள்ளை ஒளிக்குப் பதில் மஞ்சள் ஒளிக் குமிழ் போடலாம். பூச்சிக்கண்கள் நீலத்துக்கும் புறஊதாவுக்கும் கூர்மையானவை, மஞ்சளுக்கு அவ்வளவு இல்லை.

ஈசல் விழும் இடத்தில் விருந்து கூடும். பூனை கையால் தட்டித் தட்டித் தின்னும், நாய் நாக்கால் வழித்து எடுக்கும். இதில் நஞ்சு ஒன்றும் இல்லை. அளவுக்கு மிஞ்சினால் வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது அதே விருந்துக்கு வரும் தேரையை. அதன் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் சுரப்பிகளில் வெண்ணிறப் பால் இருக்கிறது. அதிலுள்ள நஞ்சு இதயத்துடிப்பைக் குழப்பக்கூடியது. நாய் கவ்வியதும் சுரப்பி அழுந்திப் பால் வாயில் படும். உடனே வாணி வடியும், நுரை தள்ளும், தலையை உதறும், முரசு சிவந்துபோகும். அப்போது தலையைக் கீழ்நோக்கிச் சரித்துப் பிடித்து, விழுங்காதபடி பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றி வாயைக் கழுவி, ஈரத்துணியால் நாக்கையும் முரசையும் துடைத்துவிட வேண்டும். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். தள்ளாட்டமோ வலிப்போ மூச்சுத்திணறலோ கண்டால் மிருக வைத்தியரிடம் ஓட வேண்டியதுதான். குட்டிநாய்களுக்கு ஆபத்து அதிகம்.

நாய்க்காகத் தேரையை விரட்ட வேண்டாம். ஒரு இரவில் அது தின்னும் பூச்சிகள் எண்ணிலடங்கா. நாயை அந்த ஒரு மணித்தியாலம் உள்ளே வைத்திருப்பது சுலபமான வழி.

கிணற்றடித் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சவர்க்கார நுரை போல ஒரு வெள்ளை உருண்டை ஒட்டியிருப்பதைச் சில காலைகளில் காணலாம். உடைந்து விழட்டும் என்று தண்ணீர் அடித்துக் கழுவிவிடாதீர்கள். அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை வெளிவிடும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்புறம் காய்ந்து தோலாகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். தண்ணீருக்குள் இட்டால் மீன் தின்னும். வெளியே இட்டால் வெயில் காயவைக்கும். நுரை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. சில நாட்களில் வாற்பேத்தைகள் நுரையைக் கரைத்துக்கொண்டு கீழே தண்ணீரில் சொட்டுச் சொட்டாய் விழும். இனி அவற்றுக்கும் அவசரம்: தேங்கிய நீர் வற்றுமுன் கால் முளைத்தாக வேண்டும்.

தவளை வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது: கைவிட்ட புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் அதிகம் ஏறி இறங்குவதில்லை. மாரியில் பொந்துகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது பாம்பு மேடான இடம் தேடி விறகுக் குவியலுக்கும் குசினிப் பக்கத்துக்கும் வருகிறது. கட்டுவிரியன் இரவில் திரிவது. பாயில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடித்தாலும் வலி பெரிதாகத் தெரியாது; ஆனால் நஞ்சு தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும். மாரிகாலத்தில் கட்டிலில் படுப்பதும், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுவதும், வெளியே போகும்போது டோர்ச் கொண்டு போவதும் உயிர் காக்கும் பழக்கங்கள். கடிபட்டால் கட்டவோ கீறவோ கூடாது. காலை அசைக்காமல் அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். நாய் ஒரே மூலையைப் பார்த்துத் தொடர்ந்து குரைத்தால் எழுந்து, டோர்ச் அடித்து, தூர நின்று பாருங்கள்.

பூவரசு, கிளுவை வேலிகளில் கார்த்திகைப்பூ ஏறுவதும் தண்ணீர்க் கணக்குத்தான். கோடை முழுவதும் கொடி கருகி மறைந்து, கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். ஈரம் பட்டதும் முளை கிளம்பி, இலையின் நுனியையே சுருளாக்கி வேலியைப் பற்றி ஏறும். இதழ்கள் பச்சையாக விரிந்து மஞ்சளாகிச் செந்நிறமாகும். பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின் உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கிறது. அதையே மிகச் சிறிய அளவில் கீல்வாதத்துக்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள். மண் இளகிய நாட்களில் வேலியடியைத் தோண்டும் நாயும், கயிறு நீண்ட ஆடும் இந்தக் கிழங்கைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாம் தண்ணீர் சொல்லி வந்தவை. வெளிச்சம் சொல்லி வரும் விருந்தாளி ஒன்று இருக்கிறது: ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலத்தை ஒட்டித் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. குட்டை வால், பச்சை முதுகு, கண்ணை ஊடறுக்கும் கறுப்புப் பட்டை, சிறகில் பளிச்சென்ற நீலம், வயிற்றின் கீழே சிவப்பு. காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரட்டைச் சீழ்க்கை போல ஒலிக்கும் குரலால் அந்தப் பெயர். புரட்டாதி, ஐப்பசியில் வந்து சித்திரை வரை தங்கும். 50, 60 கிராம் எடையுள்ள இந்தச் சின்ன உடல் கடல் கடந்து வருகிறது.

வலசை போகும் பறவைகளுக்குள் ஆண்டுக்கணக்கு ஓடும் ஓர் உட்கடிகாரம் இருக்கிறது. பகலின் நீளம் அதைத் திருத்தி வைக்கிறது. பறவைகள் பகலின் நீளத்தைக் கண்ணால் மட்டும் அளப்பதில்லை. மண்டையோட்டினூடே கசியும் ஒளியை மூளைக்குள் ஆழமாக இருக்கும் ஒளியுணர் கலங்களே நேராக உணர்கின்றன. வடக்கே பகல் குறையத் தொடங்கியதும் பசி கூடுகிறது, கொழுப்பு சேர்கிறது, இரவில் தூக்கம் வராத தவிப்பு எழுகிறது. ஒரு இரவில் புறப்பட்டுவிடுகிறது. மேப்பிளை உதிரச் சொல்லும் அதே சேதி ஒரு குருவியை எழுப்பி, நம் மழை மண்ணை ஈரமாக்கிப் புழுக்களையும் பூச்சிகளையும் மேலே கொண்டுவரும் சமயத்தில் கோடிப்புறத்தில் இறக்கிவிடுகிறது.

அது மேய்வது உதிர்ந்த இலைகளுக்கு அடியில். சருகை அலகால் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்திருப்பது நம்மூர்ப் பெருமை, அதில் தவறில்லை. ஆனால் கூட்டிய சருகு முழுவதையும் கொளுத்தாமல், மாமரத்தடியிலோ வாழைப்பாத்தியின் ஓரத்திலோ ஒரு மூலையில் ஈரத்தோடு விட்டுவைத்தால் மரத்துக்கும் பசளையாகும், இந்தக் குருவிக்கும் மேய்ச்சல் நிலமாகும். அந்த மூலை விறகுக் குவியலோடு ஒட்டாமல், வாசலிலிருந்து தள்ளி இருக்கட்டும். பாம்பைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கும்.

வந்திறங்கிய முதல் நாட்களில் ஆறுமணிக்குருவி களைத்துப்போயிருக்கும். கண்ணாடி யன்னலில் மோதும், குசினிக்குள் நுழைந்து மூலையில் ஒடுங்கும், பறக்க மாட்டாமல் கிணற்றுக்கட்டடியில் குந்தியிருக்கும். பூனைக்கு இதைவிட எளிதான இரை கிடையாது. விடிகாலையும் அந்தியும் குருவி நிலத்தில் மேயும் நேரம், பூனை வேட்டையாடும் நேரமும் அதுவே. ஐப்பசியில் அந்த இரண்டு வேளையும் பூனைக்கு வீட்டுக்குள் சோறு வைத்து அடைத்துவிட்டால் பெரும்பாலான சாவைத் தடுக்கலாம். களைத்த குருவியைக் கண்டால் மெல்லிய துணி போட்டு எடுத்து, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட மட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சந்தடியில்லாத இடத்தில் விடுங்கள். இருட்டு அதைச் சாந்தப்படுத்தும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு, பாண் தரவும் கூடாது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டால், வெளிச்சம் மங்குமுன் மரங்கள் அடர்ந்த பக்கமாகக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து விலகி நில்லுங்கள். பூனை கவ்வியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூனையின் வாயிலுள்ள பக்டீரியா ஓரிரு நாளில் குருவியைக் கொன்றுவிடும். அதற்கு மிருக வைத்தியரின் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அன்றைக்கே வேண்டும்.